பாடம் முடிந்தது, தமிழ் வந்ததா?

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நாள்தோறும் எழுதப்பெற்று, நாள்தோறும் ஒப்பமிடப்பெறும் பொய் ஒன்று உண்டு. ‘பாடம் முடிந்தது’ என்பதே அப்பொய். ஆசிரியர் அதனைப் பாடக்குறிப்பேட்டில் எழுதுகின்றார். தலைமையாசிரியர் கீழே கையொப்பமிடுகின்றார். மேலாய்வுக்கு வரும் கல்வி அலுவலர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்து நிறைவு கொள்கின்றார். பாடம் முடிந்தது மெய்யாகவே இருக்கலாம். ஆனால் யாருக்கு முடிந்தது? ஆசிரியருக்கா, மாணவனுக்கா? ஆசிரியர் வாய் ஓய்ந்ததைப் பாடம் முடிந்ததாகக் கொள்வதா? மாணவன் கையும் நாவும் அப்பாடத்தால் ஆற்றல் பெற்றதைப் பாடம் முடிந்ததாகக் கொள்வதா? நெல் விதைத்த உழவன் எவனும், விதைப்பு முடிந்த நாளையே அறுவடை நாள் என்று ஊருக்கு அறிவிப்பதில்லை. வகுப்பறையில் மட்டுமே அந்த விந்தை நடைபெறுகின்றது.

விளைவு என்ன? 2022ஆம் ஆண்டு நடந்த பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில், தமிழ்த்தாளில் மட்டும் ஏறத்தாழ 47,000 மாணவர் தேறவில்லை. கணக்கிலன்று, அறிவியலிலன்று, அயன்மொழியான ஆங்கிலத்திலன்று. தாய்ப்பாலோடு கேட்ட தமிழில்! கொரோனாத் தொற்றினால் பள்ளிகள் மூடிக் கிடந்தமையே அதற்குக் கரணியம் என்று கூறி அமைந்தனர் பலர். அஃது ஒரு கரணியமே, முழுக் கரணியமன்று. மூடிக் கிடந்த பள்ளி திறந்தவுடன் முன்னைய நோயும் உடன் திறந்துகொண்டது.

தேறாதார் நிலை அதுவாயின், தேறினார் நிலை யாது? தமிழில் எண்பதும் தொண்ணூறும் பெற்ற மாணவன் ஒருவனிடம், தன் தெருவில் குடிநீர்க் குழாய் உடைந்ததைப் பற்றி நகராட்சிக்கு ஒரு முறையீட்டு மடல் எழுதச் சொல்லிப் பாருங்கள். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று தலைப்பிட்டு, உரைநூலில் உருப்போட்ட கட்டுரையை எழுத அவனுக்குத் தெரியும். உடைந்த குழாயைப் பற்றிச் சொந்தமாக நான்கு சொற்றொடர் எழுதத் தெரியாது. உரைநூலில் அந்தக் குழாய் உடையவில்லையே! நூற்றுக்குத் தொண்ணூறு என்பது அவன் தமிழறிவின் அளவன்று. அவன் நினைவின் அளவு. அந்நினைவும் தேர்வெழுதிய மறுதிங்களே உதிர்ந்து போவது.

இக்கேட்டின் வேர் மாணவனிடத்தில் இல்லை. ஆசிரியரின் சோம்பலிலும் இல்லை; உழைத்து உழைத்துத் தொண்டை வறண்ட ஆசிரியர் எத்தனையோ பேர். வேர் இருப்பது, பாடம் எங்கே தொடங்குகின்றது என்பதில். பாடப்பொத்தகத்தின் பக்கத்திலிருந்து தொடங்குகின்றது பாடம். ‘இத்திங்களுள் இரண்டு இயல் முடித்தல் வேண்டும், எனவே இன்று நான்கு பக்கம்’ என்பதே திட்டம். இந்த நான்கு பக்கத்தால் மாணவன் எதைச் செய்ய வல்லவனாவான் என்னும் வினா எழுப்பப்படுவதே இல்லை. குயவன் சக்கரத்தைச் சுற்றுமுன் பானையா, அகலா என்று முடிவு செய்கின்றான். தச்சன் மரத்தில் உளி வைக்குமுன் கதவா, கட்டிலா என்று அளவெடுக்கின்றான். ஆசிரியர் மட்டும் மண்ணைச் சக்கரத்தில் இட்டுச் சுற்றிக்கொண்டே இருக்கின்றார். மணி அடித்ததும் எழுந்து போகின்றார்.

பயனை முதலில் வைத்துப் பாடத்தைப் பின்னர் வகுத்தல் என்பது அண்மைக் காலத்தில் மேலையர் கண்ட புதுமை என்று கல்வித்துறைப் பயிற்சிக் கூட்டங்களில் சொல்லப்படுகின்றது. தமிழன் அதைக் கேட்டு வாய் பிளக்க வேண்டியதில்லை. ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன்னர்ப் பவணந்தியார் யாத்த நன்னூல், ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் கூற வேண்டிய எட்டுச் செய்திகளை வரையறுக்கின்றது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள் ஆகிய ஆறனையும் அடுத்து நிற்பவை கேட்போரும் பயனும். யாருக்கு, என்ன பயனுக்கு என்று நூலின் வாயிலிலேயே சொல்லிவிடல் வேண்டும் என்பது தமிழ் மரபு. பயன் சொல்லாத நூலுக்குப் பாயிரம் நிறைவடையாது. பயன் எண்ணாத பாடத்திற்கு மட்டும் நிறைவு உண்டோ?

அது மட்டுமன்று. அதே நன்னூலின் பொதுப்பாயிரம், கற்றல் எவ்வாறு நிறைவுறும் என்பதற்கு ஒரு கணக்கும் தருகின்றது. ஆசிரியன் உரைப்பதைச் செவ்வையாகக் கேட்டுக்கொண்டாலும் மாணாக்கனுக்கு வருவது காற்பங்குப் புலமையே. உடன் பயில்வாரோடு கலந்து பழகுதலால் வருவது இன்னொரு காற்பங்கு. தான் பிறர்க்கு விரித்துரைத்தலால் வருவது எஞ்சிய அரைப்பங்கு. இந்தக் கணக்கை இன்றைய வகுப்பறைக்குப் பொருத்திப் பாருங்கள். 40 மணித்துளியும் ஆசிரியரே பேசுகின்ற வகுப்பில், மிகச் சிறந்த மாணவனுக்கும் காற்பங்குக்கு மேல் கிடைக்க வழியில்லை. முக்காற்பங்கினை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டுப் ‘பாடம் முடிந்தது’ என்று எழுதுவது எந்தக் கணக்கு?

ஆயினும், ‘எல்லாம் நன்னூலில் உண்டு’ என்று மார்தட்டிவிட்டு அடங்கிப்போவதும் ஒரு நோயே. விதை தமிழன் பெட்டியில் இருந்தது. உழுது விளைத்தவர் பிறர். இதனை ஒத்துக்கொள்வதால் தமிழுக்கு இழிவில்லை. ஒத்துக்கொள்ளாமல் பெட்டியைப் பூட்டி வைத்திருப்பதே இழிவு.

அமெரிக்க நாட்டுச் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இரால்பு தைலர், 1949இல் வெளியிட்ட சிறு நூலொன்றில் நான்கு வினாக்களை எழுப்பினார். பள்ளி எந்நோக்கங்களை எய்த முயல்கின்றது? அவற்றை எய்தத்தக்க பட்டறிவுகள் யாவை? அவற்றை எவ்வாறு நிரல்படுத்துவது? நோக்கம் எய்தப்பெற்றதா என்பதை எவ்வாறு அறிவது? 1956இல் பெஞ்சமின் புளூம் என்பாரும் அவர்தம் குழுவினரும், அறிவு நோக்கங்களை நினைவுகூர்தல் தொடங்கி மதிப்பிடுதல் வரை ஆறு படிகளாகப் பகுத்தனர். நினைவுகூர்தல் அவற்றுள் மிகத் தாழ்ந்த முதற்படி. தமிழ்நாட்டுத் தமிழ்த்தேர்வு பெரும்பாலும் அந்த முதற்படியிலேயே அமர்ந்து இளைப்பாறுகின்றது!

பின்னர் 1998இல் கிராண்டு விக்கின்சு, சே மெக்டை என்னும் இருவர், தைலரின் வரிசையில் ஒரு மாற்றம் செய்தனர். தைலர் ஈற்றில் வைத்த நான்காம் வினாவை அவர்கள் இரண்டாம் இடத்திற்குக் கொணர்ந்தனர். முதலில், மாணவன் எய்த வேண்டிய பயனை உறுதி செய்க. இரண்டாவது, அவன் அதனை எய்திவிட்டான் என்பதற்கு எது சான்று என்பதை உறுதி செய்க. மூன்றாவதாகவே, அதற்குரிய பாடத்தையும் பயிற்சியையும் வகுக்க என்றனர். சிறு மாற்றமாகத் தோன்றினும் இதன் வலிமை பெரிது. சான்று எது என்று முன்னரே தீர்மானித்த ஆசிரியர், வகுப்பில் தேவையற்ற ஒன்றைப் பேச மாட்டார். தேவையான ஒன்றை விடவும் மாட்டார். தேர்வு என்பது இறுதியில் வந்து பாய்கின்ற புலியாக இராது. தொடக்கத்திலேயே தெரிகின்ற கலங்கரை விளக்கமாக இருக்கும்.

தமிழ்ப்பாடத்தில் இது நடவாது என்பார்க்கு, வல்லெழுத்து மிகும் இடமும் மிகா இடமும் ஆகிய இலக்கணப் பகுதியே விடை கூறும்.

இன்று அது நடத்தப்படும் முறை யாது? மிகும் இடங்கள் ஒரு பட்டியல். மிகா இடங்கள் மற்றொரு பட்டியல். கரும்பலகையில் எழுதுதல், மாணவர் படியெடுத்தல், உருப்போடுதல். தேர்வில், ‘வல்லினம் மிகா இடங்கள் இரண்டனைக் கூறுக’ என்னும் வினா. மாணவன் இரண்டனைக் கூறி மதிப்பெண் பெறுகின்றான். அவ்விடையை எழுதிய தாளிலேயே மிக வேண்டிய பத்து இடங்களில் ஒற்றை விட்டுவிட்டும் எழுதியிருக்கின்றான்! நெறியைச் சொன்னவன் நெறிப்படி எழுதவில்லை. எழுத வேண்டும் என்று அவனிடம் எவரும் கேட்கவுமில்லை.

பயனை முன்வைக்கும் ஆசிரியர் வேறு வகையில் தொடங்குவார். பயன்: மாணவன் தான் எழுதும் பத்தியில் ஒற்றுப் பிழையின்றி எழுதுதலும், ஐயம் எழுந்த இடத்தில் கரணியம் காட்டுதலும். சான்று: ஒற்றுகள் நீக்கப்பெற்ற, அவன் முன் கண்டிராத ஒரு பத்தியைத் திருத்துதல், அவனே எழுதிய மடல் ஒன்று. பொத்தகத்திலுள்ள எடுத்துக்காட்டு ஒன்றேனும் அதில் இடம்பெறுதல் கூடாது. இடம்பெறின் அது நினைவுக்குத் தேர்வாகுமேயன்றி அறிவுக்குத் தேர்வாகாது.

இவ்விரண்டும் உறுதியான பின்னரே பாடம். ‘வேலை கொடுத்தான்’, ‘வேலைக் கொடுத்தான்’ என்று இரண்டு தொடர்களை எழுதி, இரண்டுக்கும் வேறுபாடு என்ன என்று கேட்டால் போதும். முன்னதில் பணி, பின்னதில் போர்க்கருவி. ஓர் ஒற்று, கூலியாளை மறவனாக்கிவிட்டது! ‘கீரை கடை’ என்றால் ஏவல். ‘கீரைக்கடை’ என்றால் விற்குமிடம். அடுத்து ‘அந்தப் பையன்’, ‘வந்த பையன்’ என்று எழுதி, ஓசையால் ஒத்த இரண்டு சொற்களுள் ஒன்று ஒற்றை ஏற்க, மற்றொன்று ஏலாமை ஏன் என்று வினவினால், வகுப்பே விழித்துக்கொள்ளும். ஒன்று சுட்டு, ஒன்று பெயரெச்சம் என்பதை மாணவரே கண்டு சொல்வர். ஆசிரியர் திணிக்கும் நெறி அன்று அது. மாணவன் கண்டெடுத்த நெறி. கண்டெடுத்ததை அவன் மறப்பதில்லை. அதன் பின் இருவர் இருவராக அமர்ந்து ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தட்டும். திருத்தியவர் கரணியத்தை வகுப்பின் முன் எழுந்து விளக்கட்டும். நன்னூலார் சொன்ன இரண்டாம் காற்பங்கும் எஞ்சிய அரைப்பங்கும் அங்கேதான் விளைகின்றன. அருகி வரும் நெறிகள் அடுத்த வகுப்புக்குக் காத்திருக்கலாம். நாளும் எழுத வேண்டிய நெறிகள் காத்திருத்தல் ஆகாது.

கலைச்சொற்கள் நிலையும் இதுவே. பாடப்பொத்தகத்தின் இயல்தோறும் கலைச்சொற்கள் அச்சிடப்பெறுகின்றன. நல்ல பணி. ஆனால் மென்பொருள், உலவி, இணையம் என்று பட்டியலை ஒப்பிக்கும் மாணவன், மணி அடித்ததும் வெளியே சென்று அவை அனைத்திற்கும் ஆங்கிலச் சொல்லையே வழங்குகின்றான். ஒப்பித்தல் பயனாக வைக்கப்பட்டது, ஒப்பித்துவிட்டான். ‘ஒரு கருவியின் பயன்பாட்டை ஐந்து மணித்துளி அயற்சொல் கலவாமல் வகுப்புக்கு விளக்குதல்’ என்று பயன் வைக்கப்பட்டிருப்பின், அச்சொற்கள் தாளிலிருந்து நாவுக்கு ஏறியிருக்கும். தனித்தமிழ் என்பது பட்டியலில் வாழ்வதன்று, வாயில் வாழ்வது. எந்தப் பயனைப் பள்ளி கேட்கின்றதோ, அந்தப் பயனையே மாணவன் தருவான்.

இனி, நல்ல நெறியொன்றை அலுவலகங்கள் எவ்வாறு பாழ்படுத்துகின்றன என்பதையும் மறைக்காது கூறல் வேண்டும். நடுவணரசின் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழு 2017இல் தொடக்கக் கல்விக்கான ‘கற்றல் விளைவுகள்’ என்னும் ஆவணத்தை வெளியிட்டது. மொழிப் பகுதியில் அது வகுத்தவை இந்திக்கும் ஆங்கிலத்திற்கும் உருதுவுக்கும் உரிய விளைவுகள். தமிழுக்கென அதில் ஒரு பகுதி இல்லை. தமிழ்க் குழந்தை எய்த வேண்டிய பயன் எது என்பதைத் தில்லி வகுக்கவில்லை என்று வருந்த வேண்டியதில்லை. தில்லி வகுக்கவும் வேண்டா! உயிர்மெய் எழுத்துமுறையும், புணர்ச்சியும், பேச்சுவழக்குக்கும் எழுத்து வழக்குக்கும் உள்ள இடைவெளியும் தமிழில் தமிழுக்குரிய வகையில் அமைந்தவை. இந்திக்கு அளந்து தைத்த உடையை மொழிபெயர்த்துத் தமிழுக்கு அணிவித்தால், கை நீளும், கழுத்து இறுகும். தமிழுக்குரிய பயன்களைத் தமிழாசிரியரே, தமிழிலேயே எண்ணித் தமிழிலேயே வகுத்தல் வேண்டும்.

தமிழ்நாட்டரசின் செயலும் குறையற்றதன்று. 2018 முதல் வெளிவந்த தமிழ்ப் பாடநூல்கள் கற்றல் நோக்கங்களை அச்சிட்டே வருகின்றன. பாராட்டுக்குரியதே. ஆனால் பொதுத்தேர்வு வினாத்தாள், அந்நோக்கங்களைத் தேடிச் செல்லாமல், பெரும்பாலும் பாடத்தின் பின்னுள்ள வினாக்களையே தேடிச் செல்கின்றது. ஆசிரியரும் மாணவரும் எதைப் பின்பற்றுவர்? முகப்பில் அச்சிட்ட நோக்கத்தையா, மதிப்பெண் தரும் வினாவையா? வாயில் ஒன்றும் வயிற்றில் ஒன்றுமாக இருக்கும் கல்விமுறையில், வயிறே வெல்லும்.

இதற்கு மேல் படிவங்கள்! பயன் என்று ஓர் அறை, சான்று என்று ஓர் அறை, செயல் என்று ஓர் அறை கட்டங்கட்டி ஆசிரியர் தலையில் ஏற்றுகின்றனர். ‘மாணவர் பாடலின் நயத்தை உணர்வர்’ என்று ஆண்டுதோறும் ஒரே தொடரைப் படியெடுத்து நிரப்புகின்றார் ஆசிரியர். உணர்ந்தனர் என்பதை எதனால் அறிந்தார்? அறியவில்லை, அறையை நிரப்பினார். சிந்திக்க வேண்டிய இடத்தில் படிவத்தை வைத்தால், படிவம் நிரம்பும்; சிந்தனை வற்றும். நெறி வேறு, நெறியின் பெயரால் அச்சிட்ட தாள் வேறு.

தமிழ்ப்புலவருள் ஒரு சாரார் எழுப்பும் தடையும் எண்ணத்தக்கது. ‘சங்கப் பாட்டின் சுவையை எந்த அளவுகோலால் அளப்பது? எல்லாவற்றையும் பயன் என்று கட்டங்கட்டினால் இலக்கியம் செத்துப்போகாதா?’ என்கின்றனர். இவ்வச்சம் பொருளற்றதன்று. அமெரிக்கரான எலியட்டு ஐசுனர் என்னும் கலைக்கல்வி அறிஞரே, முன்கூட்டி வரையறுத்த நோக்கங்களுள் கலை அடங்காது என்று 1967லேயே எழுதினார். அளக்கத்தக்கதை மட்டுமே கற்பித்தல் என்னும் நிலை வந்தால், அது நெட்டுருவினும் கொடிது. ஆனால் அளக்க முடியாமை வேறு, எண்ணாமை வேறு. பாட்டின் சுவையை மதிப்பெண்ணால் அளக்க வேண்டா. பாட்டைப் படித்த மாணவன் தானே தேடி இன்னொரு பாட்டைப் படித்தானா? பொருள் முறையில் சீர் பிரித்து உரக்கப் படிக்கின்றானா? தனக்குப் பிடித்த இடத்தைச் சொந்தச் சொல்லால் கூறுகின்றானா? இவற்றைப் பார்ப்பதற்கு அளவுகோல் வேண்டா, கண் போதும். சுவையின் பெயரால், பொழிப்புரையைச் சொல்லிவிட்டு எழுந்து போவதற்குத்தான் எந்தப் பயனும் இல்லை.

‘நேரம் இல்லை, பாடப்பகுதி மிகுதி’ என்பது மற்றொரு தடை. மெய்யே. ஆயின், பாடப்பகுதி மிகுதி என்பதே பயன் எண்ணாமையின் விளைவு. பயனை முன்வைத்துச் சலித்தெடுத்தால், பாதிப் பகுதி உமியாகப் பறந்துவிடும். மேலோட்டமாக இருபது பாடம் கேட்டு ஒன்றும் செய்ய வல்லனாகாத மாணவனைவிட, ஆழமாகப் பத்துப் பாடம் பயின்று பத்தும் செய்ய வல்லவனே தமிழுக்குத் தேவை.

இது வகுப்பறை நுணுக்கம் பற்றிய சிறு வழக்கென்று தமிழன்பர் எவரும் கருதுதல் வேண்டா. தமிழின் இருப்பே இதில் அடங்கியுள்ளது. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம், முதல் வகுப்பிலிருந்து படிப்படியாகத் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வகை செய்தது. சட்டம் தமிழைப் பாடவேளைக்குள் கொண்டுவரும். நாவுக்குள்ளும் கைக்குள்ளும் கொண்டுவருவது சட்டத்தால் ஆகாது. மறுபுறம், 2012-13ஆம் கல்வியாண்டு முதல் அரசுப்பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் திறக்கப்பட்டன. பெற்றோர் அவற்றை நாடுவது ஆங்கிலப் பற்றினால் மட்டுமன்று. தமிழ்வழியில் பத்தாண்டு பயின்ற பிள்ளைக்குத் தமிழிலும் நான்கு சொற்றொடர் எழுத வரவில்லை என்பதைக் கண்ணாரக் கண்டதனாலும் நாடுகின்றனர். ‘தமிழ்வழியால் என்ன பயன்?’ என்று தந்தை கேட்கும் வினாவிற்கு மேடைப் பேச்சு விடையாகாது. தமிழில் எண்ணி, தமிழில் எழுதி, தமிழில் வழக்காடி வெல்லத் தெரிந்த பிள்ளையே விடை. அவ்விடையை உருவாக்கும் இடம் வகுப்பறை ஒன்றே.

எனவே செய்ய வேண்டுவன தெளிவு. வகுப்புதோறும் தமிழால் மாணவன் செய்ய வல்லன யாவை என்பதைப் பட்டறிவு மிக்க தமிழாசிரியர் கூடி வரையறுத்தல் வேண்டும். அவ்வரையறை ஒரு பக்கத்தைத் தாண்டுதல் கூடாது. பொதுத்தேர்வின் ஒரு பெரும்பகுதி, மாணவன் முன் கண்டிராத பத்தியையும், அவன் சொந்தமாக எழுத வேண்டிய எழுத்தையும் கொண்டதாக அமைதல் வேண்டும். படிவங்களைக் குறைத்து, மாணவன் எழுதிய ஏட்டையே ஆய்வு அலுவலர் பார்த்தல் வேண்டும். ஆசிரியர் எழுதிய ஏட்டையன்று. அரசு இவற்றைச் செய்யும் வரை ஆசிரியர் காத்திருக்க வேண்டியதில்லை. நாளைய பாடவேளைக்கு முன், ‘இன்று இவன் எதைச் செய்ய வல்லவனாவான்? அதை எதனால் அறிவது?’ என்னும் இரண்டு வினாக்களைக் கேட்டுக்கொள்ள எந்த அரசாணையும் தேவையில்லை.

தமிழ் வாழ்க என்று சுவரில் எழுதுவது எளிது. தமிழ்ப் பிள்ளையின் கையில் தமிழ் வாழ்கின்றதா என்பதே வினா. அக்கை தானாக எழுதும் நாளில், பாடக்குறிப்பேட்டில் எழுதட்டும் தமிழாசிரியர்: பாடம் முடிந்தது என்றன்று, தமிழ் வந்தது என்று!